பழைய சுஷி கடையை விட்டுப் புதிய கடைக்குப் போவது துரோகமா?

கேள்வி: பல வருடங்களாக ஒரே சுஷி உணவகத்துக்குத்தான் போகிறேன். அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். இப்போது இரண்டு தெரு தள்ளிப் புதிதாக ஒன்று திறந்திருக்கிறார்கள். போகலாமா? பழைய கடைக்காரர் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்?

போங்கள். ஆனால் திரும்பும்போது புதிய கடையின் பெயர் போட்ட பையைத் தொங்கவிட்டுக்கொண்டு பழைய கடை வாசல் வழியாக வராதீர்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. புதிய கடை மோசமாக இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, நன்றாக இருந்து தொலைத்துவிட்டால்தானே வம்பு? நானும் அந்தப் பயத்தில் ஐந்து மாதம் எதிர்ப்பக்க நடைபாதையில் போய்வந்தவன்தான்.

பழைய கடையில் எனக்கு ஆறு வருடப் பழக்கம். கவுண்டரில் இடது ஓரத்திலிருந்து மூன்றாவது நாற்காலி. உட்கார்ந்ததும் தேநீர் வந்துவிடும். மீனுக்கடியில் தடவும் வசாபியை, அதாவது மூக்கில் ஏறும் அந்தக் காரப் பச்சை விழுதை, கடைக்காரர் எனக்கு மட்டும் பாதியாகக் குறைத்துவிடுவார், சொல்லவே வேண்டாம். கடைசியில் ஒரு துண்டு தமாகோ வரும். முட்டையை லேசான இனிப்போடு அடுக்கடுக்காகச் சுருட்டிச் செய்வது. அது பில்லில் ஏறாது. "இந்த ஒரு துண்டு முட்டைக்காகவா ஆறு வருடம்?" என்று மனைவி கேட்பாள். கொஞ்சம் அதற்காகவும்தான். மனிதனுக்கு யாராவது கேட்காமலே எதையாவது கொடுத்தால் காலத்துக்கும் மறக்க மாட்டான்.

மகளுக்குத் தேர்வு முடிந்தது, எங்கே சாப்பிடலாம் என்று கேட்டேன், புதிய கடையைச் சொன்னாள். வேறு வழியில்லை. குறை கண்டுபிடிக்க வேண்டும் என்ற முடிவோடுதான் போய் உட்கார்ந்தேன். விளக்கு மங்கல், நாற்காலி உயரம், இரண்டையும் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

முதல் நிகிரி வந்தது, கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டு வைத்துத் தரும் சுஷி. வாயில் போட்டால் சோறு வெதுவெதுப்பாக இருக்கிறது. உள்ளங்கைச் சூடு என்போமே, அவ்வளவுதான். கையில் எடுத்தபோது உதிராத சோறு நாக்கில் பட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரிந்தது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஆறு வருடமாக நான் சாப்பிட்டது குளிர்ந்து இறுகிய சோறு. சுஷி என்றால் சில்லென்றுதான் இருக்கும் என்று நம்பியிருந்தேன், அலுவலகத்தில் நாலு பேருக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன்.

அடுத்து ஒரு அவமானம். சோயா சாஸ் கிண்ணம் எங்கே என்று கேட்டேன். மேலேயே தடவித்தான் தருகிறோம் என்று அந்த இளைஞர் பணிவாகச் சொன்னார். மகள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாள். கிண்ணம் தரும் கடையாக இருந்தாலும் மீன் பக்கத்தைத்தான் தொட வேண்டுமாம். சோற்றுப் பக்கத்தைத் தொட்டால் சோறு சாஸைக் குடித்து உடைந்துவிடும், உப்பும் ஏறிவிடும். நான் அத்தனை வருடமும் சோற்றைத்தான் முக்கி எடுத்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

எல்லாமே சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்த சபா, அதாவது கானாங்கெளுத்தி வகை மீன், அபாரம். ஆனால் டூனா சொதப்பல். உறைந்த மீனை அவசரமாக இளக வைத்திருக்கிறார்கள், தட்டில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் விட்டிருந்தது. டூனாவில் என் பழைய கடைக்குப் பக்கத்தில்கூட இவர்கள் வர முடியாது. இதை நான் விசுவாசத்தில் சொல்லவில்லை, மகளும் அதையேதான் சொன்னாள்.

உறைந்த மீனா என்று யாராவது முகம் சுளிப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பச்சையாகச் சாப்பிடும் பல மீன்களை உறைய வைப்பது ஏமாற்று வேலை இல்லை. மீனில் இருக்கும் அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு சாக வேண்டுமே. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதலில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே 7 நாள் என்று இருக்கிறது. உறைய வைத்ததில் தப்பில்லை, இளக வைத்த விதத்தில்தான் தப்பு.

"அசல் சுஷி ஜப்பானில்தான், நீ சாப்பிட்டதெல்லாம் சுஷியே இல்லை" என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் வருவார், வந்தே தீருவார். ஐயா, நான் ஜப்பான் போனதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் விரும்பிச் சாப்பிடும் சால்மன் நிகிரி 1980களில் நார்வேக்காரர்கள் ஜப்பானில் விடாமல் விளம்பரம் செய்து விற்ற சரக்கு. அதற்கு முன்பு அங்கே சால்மனைப் பச்சையாகச் சாப்பிடும் வழக்கம் பெரிதாக இல்லை. சுஷித் தட்டு நகரும் பட்டையில் சுற்றி வரும் கடையும் 1958இல் ஒசாகாவில் வந்ததுதான். நிகிரியே எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவசரத்துக்குச் சாப்பிடும் பண்டமாகப் பரவியது. அதற்கும் முந்தைய சுஷியில் மீனைச் சோற்றில் மாதக்கணக்காகப் புளிக்க வைத்து, மீனைத் தின்றுவிட்டுச் சோற்றைத் தூக்கிப் போட்டார்கள். இதில் எது அசல் என்று முடிவு செய்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

விசுவாசம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பதினொரு வருடமாக ஒரே கைப்பேசி நிறுவனத்தில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவனுக்கு மூன்று மாதம் பாதிக் கட்டணம். எனக்கு? பண்டிகைக்கு ஒரு வாழ்த்துச் செய்தி. கேட்கலாம் என்று அழைத்தால் நாற்பது நிமிடம் இசை போட்டுக் காட்டிவிட்டு, "நீங்கள் எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளர்" என்றார்கள். விலகுகிறேன் என்று சொன்ன பிறகுதான் சலுகை பிறக்கிறது. அவர்களையே விடாமல் கட்டிக்கொண்டிருக்கிறேன், வெட்கம்தான். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று தெரியும், வயிற்றெரிச்சல்.

சரி, பை விஷயம். மனைவிக்கு என்று ஒரு பொட்டலம் கட்டி வாங்கினோம். பேச்சு சுவாரசியத்தில் பழைய கடை வழியாகவே நடந்துவிட்டேன். கடைக்காரர் யாரையோ வழியனுப்ப வாசலில் நிற்கிறார். பார்வை என் முகத்துக்கு வந்தது, பைக்குப் போனது, திரும்ப முகத்துக்கு வந்தது. தலையசைத்தார். நான் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். இந்த வயதில்!

மூன்று வாரம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. பிறகு ஒரு நாள் மகளோடு போனேன். "ஆளையே காணோமே?" என்றார். காய்ச்சல் என்றேன். "அப்பாவுக்குக் காய்ச்சலா? எப்போ?" என்றாள் மகள்.

அவர் கோபப்படவில்லை. கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சோறு எப்படி இருந்தது?"

சூடாக இருந்தது என்றேன்.

"நீங்கள் ஒன்பது மணிக்கு வருகிறீர்கள். நான் கடைசியாகச் சோறு வடிப்பது ஏழு மணிக்கு. ஆறிப்போகும். குளிர்பெட்டியில் வைக்க மாட்டேன், வைத்தால் கல்லாகிவிடும். அதற்காக உங்கள் ஒருவருக்கு ஒன்பது மணிக்கு உலை வைக்க முடியுமா?"

"இத்தனை வருடத்தில் ஒரு தடவை சொல்லியிருக்கலாமே?"

"ஒவ்வொரு தடவையும் நன்றாக இருக்கிறது என்றுதானே சொல்லிவிட்டுப் போனீர்கள்."

அன்றைக்கும் தமாகோ வந்தது. எனக்கு ஒன்று, மகளுக்கு இரண்டு.

இப்போது ஏழேகாலுக்கெல்லாம் போய்விடுகிறேன். அலுவலகத்தில் முணுமுணுக்கிறார்கள், பரவாயில்லை. அந்தச் சோறு புதிய கடைச் சோற்றுக்கு இணையா என்றால், கொஞ்சம் குறைவுதான். சோற்றில் கலக்கும் வினிகர் தூக்கலாக இருக்கிறது. சூட்டில்தான் அது தெரிகிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் பழைய கடைக்கு வார விடுமுறை என்றைக்கு? என் பழைய கடைக்குத் திங்கட்கிழமை. அன்றைக்குத்தான் புதிய கடை, சபா மட்டும்.