ரெக்கார்டில் புது ஃபீல்டு சேர்த்ததும் குப்பை மதிப்பு வருவது

பல புராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்தில் வைத்திருக்கும் ரெக்கார்டில் 8 பைட் காலாவதி நேர ஃபீல்டு சேர்த்ததும் குப்பை மதிப்பு வருகிறதா? பழைய செக்மென்டை (பெயரிட்ட பகிர்வு நினைவகப் பகுதியை) திறக்காமல், பெயரின் கடைசியில் லேஅவுட் எண் (ரெக்கார்டு அமைப்பின் பதிப்பு எண்) சேர்த்துப் புதிதாக உருவாக்குங்கள். குப்பை மதிப்பு வருவதற்கு அநேகமாக இதுதான் காரணம்: லினக்ஸில் பெயருள்ள பகிர்வு நினைவகம் புரோகிராம் நின்றாலும் அழியாது. புது பைனரி பழைய பைட்டுகளைப் புது அளவில் வெட்டிப் படிக்கிறது.

எல்லா புராசஸையும் நிறுத்திவிட்டு /டெவ்/எஸ்எச்எம் (/dev/shm) அடைவைப் பாருங்கள்; பகிர்வு நினைவகம் அங்கே கோப்பாகத் தெரியும். உங்கள் செக்மென்டின் கோப்பு அங்கேயே இருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் ரெக்கார்டின் சைஸ்ஆஃப் (sizeof, பைட் அளவு) மதிப்பையும் அச்சிட்டுப் பாருங்கள். 4 பைட் எண்ணுக்குப் பின்னால் 8 பைட் ஃபீல்டு வந்தால், 64 பிட்டில் கம்பைலர் வழக்கமாக நடுவே 4 பைட் காலியாக விடும். 12 என்று கணக்குப் போட்டால் 16 வரும்.

ஆனால் ஓடும்போது கோப்பை மட்டும் அழித்தால் போதாது. அதை ஏற்கெனவே மேப் செய்த (தன் நினைவகத்தோடு இணைத்துக்கொண்ட) புராசஸ் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும்.