கட்டைக் குரல்

அன்புள்ள ஐயா,

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். 17 வயதான என் மகள் ஆலயப் பாடகர் குழுவில் பாடுகிறாள். மேலை நாட்டு இசை நாடகமான ஓபராவில் பாடகியாக வேண்டும் என்கிறாள். ஆனால் அவளுக்குக் குரல் சரியில்லை. ஆண்பிள்ளைபோலக் கட்டைக் குரல். அதைச் சரிசெய்வதற்காகக் குழுவில் மிக உயர்ந்த பெண் குரல்களுக்கான சோப்ரானோ வரிசையில் நிறுத்திப் பழக்குகிறார்கள். அடிக்கடி தொண்டை கட்டிக்கொள்கிறது. அவளை எங்கே படிக்கவைக்கலாம்? பிழைப்புக்கு வருமானம் வருமா?

குன்னூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியில் மேலை வாய்ப்பாட்டு கற்பிக்கிறார்கள், விசாரியுங்கள். வருமானக் கணக்கை 17 வயதுப் பெண்ணிடம் இப்போதே கேட்கவேண்டியதில்லை.

‘குரல் சரியில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு உங்கள்மீது கோபம் வந்தது. பெற்ற தகப்பன் எழுதும் வரியா அது? பெண் குரல்களில் மிகத் தாழ்ந்ததைக் காண்ட்ரால்டோ என்பார்கள். அது அரிதாகவே வாய்க்கும். இங்கிலாந்தின் காத்லீன் ஃபெரியருக்கு வாய்த்தது அந்தக் குரல்தான். 14 வயதில் பள்ளியை விட்டு, பிளாக்பர்ன் நகரத் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர் அவர். ஓபரா மேடையில் முதன்முதலாக ஏறியபோது, 1946இல், அவருக்கு வயது 34. கச்சேரிகளில் ஏராளமாகப் பாடியவர் ஓபராவில் ஏற்றவை இரண்டே வேடங்கள். அவற்றில் ஒன்று, குளூக் இசையமைத்த ஓபராவில் வரும் ஓர்ஃபியோ. இறந்த மனைவியைத் தேடிப் பாதாளத்துக்குச் செல்லும் கணவன் வேடம் அது. ‘ஆண்பிள்ளைபோல’ என்று நீங்கள் குறையாகச் சொல்லும் குரலுக்காகவே அவரை அதற்கு அழைத்தார்கள். 1953 பிப்ரவரியில், புற்றுநோய் அரித்த தொடையெலும்பு மேடையிலேயே முறிந்தபோதும் நின்று கடைசிவரை பாடினார். அவ்வாண்டு அக்டோபரில் இறந்தார், வயது 41.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் என் அக்காவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோத்தகிரியில் நாங்கள் வளர்ந்த காலத்தில், 16 வயதில், அவளுக்கும் இதே குரல். பாடகர் குழுவில் சோப்ரானோவுக்கு ஆள் குறைவு என்பதற்காக, குழுவை நடத்தியவர் அவளை அங்கே மாற்றினார். டிசம்பர் மூடுபனியில், ஆலயத்தின் சன்னல் கண்ணாடிகளில் நீர் வழிய, இரவுதோறும் கிறிஸ்துமஸ் கீதப் பயிற்சி நடக்கும். மேலே போகும் வரி வந்ததும் அக்கா முகவாயைத் தூக்குவாள். தாடைக்குக் கீழே நரம்பு விரல் தடிமனுக்குப் புடைக்கும். வீட்டுக்கு வந்து மிளகுக் கஷாயம் குடித்துவிட்டு மறுநாளும் போவாள். பிப்ரவரியில் கோயம்புத்தூர் மருத்துவர் குரல்நாண்களில் சிறு முடிச்சுகள் விழுந்திருப்பதாகச் சொல்லி, பேசவே கூடாது என்றார். மாதக்கணக்கில் அவள் சிலேட்டில் எழுதித்தான் எங்களிடம் பேசினாள். இப்போதும் ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்திருப்பாள். உதடு மட்டும் அசையும்.

இதன் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நடு ‘ஏ’ ஸ்வரத்தைப் பாடும்போது குரல்நாண்கள் நொடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. அடுத்த ஸ்தாயியில் அதே ஸ்வரத்துக்கு 880 முறை. அந்த உயரத்துக்கு அமையாத தொண்டையை இறுக்கி ஏற்றினால் மோதுமிடம் தடித்துப்போகிறது. வாத்தியக் குழுவை மீறி, ஒலிபெருக்கி இல்லாமல் ஓபரா பாடகர்கள் கடைசி வரிசைக்கும் கேட்கிறார்கள் என்றால், தொண்டைக்குள் கார்வையைத் திரட்டும் பயிற்சியினால்தான், கத்துவதனால் அன்று. அந்தப் பயிற்சிக்குப் பல ஆண்டுகள் ஆகும், கனத்த குரல்கள் முப்பதை நெருங்கித்தான் முதிரும்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், குழுவை நடத்துபவரிடம் நீங்களே போய்ப் பேசி, மகளை, தாழ்ந்த பெண் குரல்களுக்கான ஆல்டோ வரிசைக்கு மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் கிறிஸ்துமஸ் வரை அவள் பாடவே வேண்டாம். தொண்டைக்கட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.