பிறவிக் குடிமகள்

அன்புள்ள ஐயா,

என் மகள் நியூஜெர்சியில் பிறந்தவள், இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நானும் கணவரும் எச்1பி விசாவில் இருக்கிறோம். போன வாரம் வீட்டுக்குச் சாப்பிட வந்த நண்பரிடம், "நான் பிரசிடெண்ட் ஆகப்போறேன்" என்றாள். அவர், "நீ சிட்டிசன்தான், ஆனா நேச்சுரல் பார்ன் சிட்டிசன் இல்லையே. அதுக்கு அப்பா, அம்மா ரெண்டு பேரும் சிட்டிசனா இருந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டார். குழந்தையின் முகம் வாடிப்போனது. உண்மையிலேயே அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா? இரண்டு வருடத்தில் கோவைக்கே திரும்பிவிடலாம் என்று யோசிக்கிறோம். அதனால் அவளுக்கு ஏதாவது உரிமை போய்விடுமா?

எஸ்., நியூஜெர்சி

அன்புள்ள எஸ்.,

அப்படி ஒரு சட்டம் இல்லை. முதலில் இதை உங்கள் மகளிடம் சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

நம் பத்திரிகைகள் 'நேச்சுரல் பார்ன் சிட்டிசன்' என்ற சொல்லை 'இயற்கையாகப் பிறந்த குடிமகன்' என்று எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இயற்கையாகப் பிறக்காதவர் யார்? பிறவிக் குணம், பிறவிக் கலைஞன் என்கிறோமே, அந்தப் 'பிறவி'தான் இங்கே சரியான சொல். பிறந்த கணத்திலேயே குடியுரிமை உள்ளவர் பிறவிக் குடிமகன். பிறகு விண்ணப்பித்து, உறுதிமொழி எடுத்துப் பெற்றவர் அப்படி அல்ல.

1787இல் எழுதிய அரசியல் சட்டம் அதிபருக்கு இந்தத் தகுதி வேண்டும் என்கிறது, ஆனால் பொருள் சொல்லவில்லை. எழுதியவர்களில் பலர் ஆங்கிலேயச் சட்டத்தில் ஊறிய வழக்கறிஞர்கள். அரசனின் மண்ணில் பிறந்தவர் அரசனின் பிறவிக் குடி, பெற்றோர் வெளிநாட்டவராக இருந்தாலும் சரி என்பது அந்தச் சட்டம். தூதர்களின் பிள்ளைகளும் படையெடுத்து வந்தவர்களின் பிள்ளைகளும் மட்டும் விலக்கு. அந்த ஆண்டு ஜூலை 25 அன்று வெளியுறவுச் செயலராக இருந்த ஜான் ஜே, வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் படைத்தலைமை பிறவிக் குடிமகனுக்கு மட்டுமே போக வேண்டும் என்றார். 'பிறவி' என்பதற்கு அடிக்கோடும் இட்டார். பெற்றோரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

உங்கள் நண்பரின் வாதம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, சுவிஸ் சட்ட அறிஞர் வாட்டெல் 1758இல் பிரெஞ்சில் எழுதிய நூல். குடிமக்களான பெற்றோருக்கு நாட்டில் பிறந்தவர்களைப் பற்றிய வரி அதில் உண்டு. ஆனால் அந்த வரிக்கு 'நேச்சுரல் பார்ன் சிட்டிசன்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்ட மொழிபெயர்ப்பு 1797இல்தான் வந்தது. அரசியல் சட்டம் எழுதிப் பத்து வருடம் கழித்து! இன்னொன்று, 1875இல் பெண்களின் வாக்குரிமை பற்றி மைனர் என்ற பெயருள்ள பெண்மணி தொடுத்த வழக்கு. குடிமக்களின் பிள்ளைகள் விஷயத்தில் சந்தேகமே இல்லை, மற்றவர்கள் விஷயத்தில் சந்தேகம் எழுப்பப்பட்டுள்ளது, அதை இந்த வழக்கில் தீர்க்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது. தீர்க்காமல் விட்டதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தீர்த்துவைத்தவர் ஒரு சமையல்காரர். வாங் கிம் ஆர்க், சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். அந்தக் காலத்தில் சீனர்கள் குடியுரிமை பெறவே முடியாது. சீனாவுக்குப் போய்விட்டு 1895 ஆகஸ்டில் கோப்டிக் என்ற கப்பலில் திரும்பினார். அமெரிக்காவில் பிறந்தவர்தான் என்று வெள்ளைக்காரச் சாட்சிகள் கையெழுத்திட்ட, புகைப்படம் ஒட்டிய காகிதத்தைப் புறப்படும் முன்பே எழுதி வைத்திருந்தார். அப்படியும் இறங்க விடவில்லை. கோப்டிக் கிளம்பும் நேரம் வந்ததும் இன்னொரு கப்பல், அதன் பிறகு வேறொன்று என்று மாற்றி மாற்றிச் சொந்த ஊர்த் துறைமுகத்திலேயே மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். இருபது வயதைச் சற்றே தாண்டிய ஒருவர், பிறந்த ஊரை எதிரே வைத்துக்கொண்டு கப்பலிலேயே காத்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

1898 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் 6-2 என்று அவர் வென்றார். நீதிபதி ஹொரஸ் கிரே அந்தப் பழைய ஆங்கிலேயச் சட்டத்தை விரிவாக எடுத்துக்காட்டி, அரசியல் சட்டத்தின் 1868ஆம் ஆண்டுப் பதினான்காம் திருத்தமும் அதையே சொல்கிறது என்று எழுதினார். உங்கள் கேள்விக்கு நேரான விஷயம் இதுதான்: சீனர்களின் பிள்ளைகளும் அதிபராகத் தகுதி பெற்றுவிடுவார்களே என்று அரசுத் தரப்பே அங்கே வாதிட்டது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி ஃபுல்லரும் அதையே சொன்னார். விளைவு இன்னதென்று எல்லோருக்கும் தெரிந்தே வந்த தீர்ப்பு அது.

அதிபர் தகுதியை நேரடியாக உச்ச நீதிமன்றம் விசாரித்ததில்லை, உண்மைதான். ஆனால் 2009இல் இந்தியானா மேல்முறையீட்டு நீதிமன்றம், பெற்றோர் யாராயினும் அமெரிக்காவில் பிறந்தவர் பிறவிக் குடிமகனே என்று சொன்னது. கமலா ஹாரிஸ் 1964இல் ஓக்லண்டில் பிறந்தார். அப்பா ஜமைக்காவிலிருந்தும் அம்மா சியாமளா இந்தியாவிலிருந்தும் படிக்க வந்தவர்கள். துணை அதிபருக்கும் அதே தகுதி வேண்டும். 2020இல் இதே சந்தேகத்தைக் கிளப்பினார்கள், 2021 ஜனவரியில் அவர் பதவியேற்றார். கமலாவின் தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் அன்று வெடி வெடித்தவர்களுக்கு வாங் கிம் ஆர்க்கைத் தெரிந்திருக்காது. நன்றி அவருக்கும் சேர வேண்டும்.

உண்மையான விவாதம் வெளிநாட்டில் பிறந்தவர்களைப் பற்றியது. கனடாவில் அமெரிக்கத் தாய்க்குப் பிறந்த டெட் குரூஸ் போன்றவர்கள். அவர்களும் பிறவிக் குடிமக்களே என்பது என் கருத்து, ஆனால் அங்கே மறுப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. உங்கள் மகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தற்காலிக விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை என்று 2025 ஜனவரியில் வந்த அதிபர் ஆணையும், அது வெளிவந்து 30 நாளுக்குப் பின் பிறப்பவர்களைப் பற்றியதுதான்.

கோவைக்குத் தாராளமாக வாருங்கள். இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான ஓசிஐ அட்டை எடுத்துக்கொண்டு இங்கே படிக்கட்டும், அமெரிக்கக் குடியுரிமை எங்கும் போகாது. அதிபராக 35 வயதும், அமெரிக்காவில் 14 வருட வாசமும் வேண்டும். அந்தப் பதினான்கும் தொடர்ச்சியாக இருக்க வேண்டுமா என்று ஹெர்பர்ட் ஹூவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. வெளிநாடுகளில் பல வருடம் வாழ்ந்தவர் அவர். 1928இல் ஜெயித்து அதிபரானார். ஆகவே அவள் பிறப்புச் சான்றிதழை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.