நடத்துநர் எங்கே நடக்கிறார்? தங்கள் மகளின் கேள்விக்கு

வணக்கம். புனேயிலிருந்து சேலத்துக்குக் குடிவந்த தங்கள் மகள், பேருந்தில் 'நடத்துநர்' என்றும் கோட்டை மாரியம்மன் கோயிலில் 'நடை சாத்தப்படும்' என்றும் படித்துவிட்டு, இவற்றுக்கும் நடப்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி, அவசியம் பதில் சொல்லுங்கள்.

'நட' என்பது தன்வினை, 'நடத்து' என்பது பிறவினை. திருவிழா தானாக நடக்கும். ஊரார் அதை நடத்துவார்கள். கடை நடத்துபவரைப் போலவே பேருந்தின் ஓட்டத்தை நடத்துபவர் நடத்துநர். கோயிலில் 'நடை' என்பது மக்கள் நடந்து உள்ளே செல்லும் வாயில். பழைய வீடுகளிலும் வாசலை அடுத்த இடைவழியை நடை என்றே பெரியவர்கள் சொல்வார்கள்.

பாடநூலைவிடத் தெருவில்தான் இச்சொல் செழிப்பாக வாழ்கிறது என்பது என் கருத்து. 'சந்தைக்கு ஒரு நடை போயிட்டு வா' என்றால், வண்டியில் போனாலும் அது ஒரு நடைதான். லாரிக்காரர் 'இன்னும் ரெண்டு நடை அடிக்கணும்' என்பது சுமையேற்றிப் போய்த் திரும்பும் தடவைகளை. சான்றிதழுக்காக அலுவலகத்துக்கு 'நடையாய் நடந்தேன்' என்பதில் அலைச்சலும் சலிப்பும் சேர்ந்தே ஒலிக்கின்றன. நடத்தை, நடைமுறை, நடப்பு ஆண்டு, உரைநடை ஆகியவற்றை அவள் விரைவில் பிடித்துக்கொள்வாள்.

ஓரிடத்தில் மட்டும் கவனம் தேவை. ஏற்காட்டில் 'காப்பி நாற்று நட ஆள் தேவை' என்று எழுதியிருந்தால், அது 'நடு' என்ற வேறு வினையின் எச்சம். இறந்தகாலத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும்: ஒன்று 'நடந்தான்', மற்றது 'நட்டான்'.