ஊசி போடும்போது குழந்தையின் கவனத்தைத் திருப்புவது எப்படி?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டியிருக்கிறது. போன தடவை நான்கு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் எடுத்தார்கள். போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தேன், தட்டிவிட்டாள். கவனத்தைத் திருப்பினால் வலி குறையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். வலி முழுக்கப் போகாது, குறையும். 2 வயது முதல் 19 வயது வரையான பிள்ளைகளிடம் நடந்த ஊசி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வும் இதையே சொல்கிறது.

நீங்கள் போனைக் கொடுத்த நேரம்தான் தப்பு. கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, அவள் அலறத் தொடங்கிய பிறகு எந்தக் கார்ட்டூனும் எடுபடாது. காத்திருக்கும்போதே விளையாட்டு தொடங்கிவிட வேண்டும். பஞ்சு வைத்து அழுத்தும்வரை அது நிற்கக் கூடாது. என் அனுபவத்தில் போனைவிட சோப்புக் குமிழி நன்றாக வேலை செய்கிறது. வேகமாக ஊதினால் குமிழி உடைந்துவிடும். பெரிதாக வர வேண்டுமென்றால் மூச்சை மெதுவாக, நீளமாக விட வேண்டும். அப்படி ஊத ஊத, காதுவரை தூக்கி வைத்திருந்த தோள் தானாக இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

அவளைப் படுக்க வைக்க விடாதீர்கள். மடியில் நிமிர்ந்து உட்கார வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள், ஒரு கையை மட்டும் நீட்டச் சொல்லுங்கள். "அம்மா வெளியே நில்லுங்க" என்பார்கள். நகராதீர்கள். தடுப்பூசி வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரையிலேயே பெற்றோர் கூட இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் கதவைச் சாத்துகிறார்கள். ஒரு குழந்தைக்காக இரண்டு நிமிடம் பொறுக்க முடியாத அளவுக்கு அப்படி என்ன அவசரமோ!

இன்னொன்று, "வலியில்லாத ஊசி" என்று சொல்லி விற்பவர்களிடம் ஜாக்கிரதை. அந்தப் பெயரில் வரும் தடுப்பூசியில் பிற்பாடு வரும் காய்ச்சலும் வீக்கமும் குறைவு, அவ்வளவுதான். ஊசி குத்தும் வலி அதேதான். மரத்துப்போகச் செய்யும் களிம்பு நல்ல பொருள். ஆனால் அது வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். வாசலில் தடவி ஐந்தாவது நிமிடம் குத்திவிட்டு அதற்கும் காசு வாங்குகிறார்கள். எப்போது, எங்கே, எவ்வளவு தடவுவது என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதிரும் பொம்மை, கண்ணில் மாட்டும் கருவி என்று யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வாங்க வேண்டாம். குமிழி போதும்.

"வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு தடவை பொய் என்று தெரிந்துவிட்டால் அடுத்த தடவை உங்களையும் நம்ப மாட்டாள். "சுருக்குன்னு இருக்கும், நான் எண்ணி முடிக்கிறதுக்குள்ள போயிடும்" என்பது போதும். "பயப்படாதே, பயப்படாதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாலும் பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் குழந்தைக்குப் படும்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில பிள்ளைகள் ஊசியைப் பார்த்தே ஆக வேண்டும் என்பார்கள். என்னிடம் வந்த ஒரு பையன், முகத்தைத் திருப்பினால் வீரிட்டு அழுவான். விட்டுவிட்டோம். ஊசி போவதையும் குழாயில் சிவப்பு ஏறுவதையும் கண்கொட்டாமல் பார்த்தான், கை அசையவில்லை. எப்போது குத்தும் என்று தெரியாததுதான் அவனுக்குப் பயம். உங்கள் மகளும் அந்த ரகமாக இருக்கலாம். போனைத் தட்டிவிட்டது அதனால்கூட இருக்கும். "பார்க்கிறியா, குமிழி ஊதறியா?" என்று முதல் நாளே கேளுங்கள். பார்க்கிறேன் என்றால், ஒவ்வொரு படியையும் அவளிடம் முன்கூட்டியே சொல்லும்படி ரத்தம் எடுப்பவரிடம் சொல்லுங்கள். நடுவில் மனசு மாறினாலும் பரவாயில்லை.

தையல், எலும்பை நேராக்குவது போன்றவற்றுக்கு விளையாட்டு மட்டும் போதாது. மரத்துப்போகும் மருந்து கட்டாயம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அழுததைப் பற்றிப் பேச வேண்டாம். "அந்தப் பெரிய குமிழியை எப்படி ஊதினே?" என்று கேளுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அவள் நினைவில் அதுதான் இருக்க வேண்டும்.