வேகம் இருக்கிறது, குரல் ஏன் வெட்டுகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பைபர் இணைப்பு டவுன்லோட் 100, அப்லோட் 10 மெகாபிட். மகள் ஸூம் வகுப்பில் இருக்கும் நேரம் யாருடைய போனாவது படங்களை கூகுள் போட்டோஸுக்கு ஏற்றத் தொடங்கினால், அவள் கதைப்பது ஆசிரியருக்கு வெட்டி வெட்டிக் கேட்கிறது. வேகப் பரிசோதனையில் குறை இல்லை. பெரிய பெக்கேஜுக்கு மாறலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு மாறாதீர்கள். முதலில் லெப்டொப்பை கேபிளால் ரவுட்டரில் செருகுங்கள். வைபையின் கோளாறு இதில் கலக்கக்கூடாது. பதில் திரும்பி வர எடுக்கும் நேரத்தை அளக்கும் 'பிங்' கட்டளையை ஓடவிட்டு ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். பிறகு பெரிய வீடியோ ஒன்றை ஏற்றிக்கொண்டே பாருங்கள். சும்மா இருக்கையில் 10 மில்லிசெக்கன் காட்டியது ஏற்றும்போது 300, 800 என்று போனால், குறை வேகத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது.

கணக்கு எளிது. ரவுட்டரின் பஃபர், அதாவது அனுப்பக் காத்திருக்கும் தரவு நிற்கும் இடம், 1 மெகாபைட் என்றால் அது 8 மெகாபிட். 10 மெகாபிட் வழியால் அது வடிய 0.8 செக்கன் வேண்டும். படங்கள் அந்த பஃபரை நிரப்பி வைத்திருக்க, மகளின் குரலைச் சுமந்த சிறு பொதி (தரவுத் துண்டு) வரிசையின் கடைசியில் நிற்கிறது. அனுப்பும் போனுக்கு இது தெரியாது. இணையத்தில் தரவு அனுப்பும் விதியான டிசிபியின் பெரும்பாலான முறைகள் பொதி தொலைந்தால்தான் வேகத்தைக் குறைக்கும். பெரிய பஃபர் எதையும் தொலையவிடாமல் அந்த எச்சரிக்கையையே மறைத்துவிடுகிறது. கணினிப் பொறியியலாளர் ஜிம் கெட்டிஸ் இந்த நிலைக்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயரிட்டார்.

மருந்து 2012இல் வலையமைப்பு ஆய்வாளர்கள் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்ஸனும் தந்த 'கோடெல்' என்ற வரிசை முறை. வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொதியும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. அந்தக் காத்திருப்பு 100 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவைகூட 5 மில்லிசெக்கனுக்குக் கீழே இறங்காவிட்டால் ஒரு பொதியைக் கைவிடும். அப்படியும் இறங்காவிட்டால் கைவிடும் இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போகும். இதோடு ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை கொடுப்பது 'எப்கியூ-கோடெல்'. அதன் வளர்ச்சியான 'கேக்' 2018 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் 4.19 கருவிலேயே (கர்னல்) இருக்கிறது.

செய்ய வேண்டியது: ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் ஓடும் ரவுட்டர் ஒன்றை சேவை நிறுவனம் தந்த பைபர் பெட்டிக்குப் பின்னால் வையுங்கள். வரிசையை ஆளும் 'எஸ்கியூஎம்' மென்பொருளை அதில் நிறுவி, இணையம் வரும் போர்ட்டைத் தெரிவு செய்து, வரிசை முறையாக கேக்கை எடுங்கள். வேகத்தை கிலோபிட்டில் கொடுக்க வேண்டும்: டவுன்லோட் 88000, அப்லோட் 9300. விளம்பர எண்ணை அல்ல, நீங்கள் அளந்த எண்ணை வைத்துக் குறைக்க வேண்டும். ஏன் குறைக்கிறோம்? நெரிசல் எங்கே உண்டாகிறதோ அங்கேதான் வரிசையை ஆள முடியும். சற்றுக் குறைத்தால் அது பைபர் பெட்டியில் சேராமல் உங்கள் ரவுட்டரில் சேரும். டவுன்லோடின் வரிசை சேவை நிறுவனத்தின் பக்கம் நிற்பதால் அங்கே கூடுதலாகக் குறைக்கிறோம்.

பலர் தவறும் இடங்கள் இரண்டு. பைபர் பெட்டியின் வைபையை அணைக்காவிட்டால் அதில் இணைந்த போன்கள் ரவுட்டரைச் சுற்றிப் போய்விடும். முயற்சி முழுக்க வீண். ரவுட்டரில் பொதிகளை மென்பொருளுக்குக் காட்டாமல் சிப்பே கடத்தும் 'ஹார்ட்வெயார் ஒப்லோடிங்' போட்டிருந்தாலும் அப்படித்தான், பொதிகள் எஸ்கியூஎம்மைத் தொடாமலே கடந்துவிடும்.

கேள்வி: 4ஜி ரவுட்டருக்கும் இது சரிவருமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அரைவாசி. கோபுரத்தின் வேகம் நேரத்துக்கு நேரம் மாறும்; நிலையான எண் ஒன்று பொருந்தாது. மாலை நெரிசலில் அளந்த மிகக் குறைந்த வேகத்தைக் கொடுத்தால் குரல் காக்கப்படும், மற்ற நேரத்தில் வேகம் வீணாகும். வகுப்பும் வேலையும் முக்கியம் என்றால் அந்த இழப்பை ஏற்பதே நல்லது. அப்லோட் 1 மெகாபிட் அளவுக்குச் சுருங்கினால், 1500 பைட் பொதி ஒன்று போகவே 12 மில்லிசெக்கன் எடுக்கும். அங்கே கோடெலின் 5 மில்லிசெக்கன் இலக்கை 15 அளவுக்கு உயர்த்த வேண்டும்.

கேள்வி: அலுவலக லினக்ஸ் சேவையகத்தில் பிபிஆர் என்ற டிசிபி முறையைப் போட்டிருக்கிறோம். எப்கியூ என்ற வரிசை முறையும் வேண்டுமா? எப்கியூ-கோடெல் போதாதா?
– வாசகர், தெஹிவளை

பதில்: பெயர் ஒத்திருப்பதால் வரும் குழப்பம் இது. எப்கியூ-கோடெல் வழியில் நிற்கும் ரவுட்டருக்கு. எப்கியூ பொதிகளைத் தானே உண்டாக்கும் இயந்திரத்துக்கு. எப்கியூவின் பெரிய வேலை, பொதிகளை இடைவெளி விட்டு அனுப்புவது. அது இல்லாவிட்டால் 1 கிகாபிட் வலையமைப்பு அட்டை 64 கிலோபைட்டை ஏறக்குறைய அரை மில்லிசெக்கனில் கொட்டிவிடும். எதிரே 20 மெகாபிட் வழி இருந்தால் அது வடிய 26 மில்லிசெக்கன் வேண்டும். இடையில் உள்ள சுவிட்ச்சின் பஃபர் சிறியதாயின், வழியின் சராசரி வேகம் நிரம்பாமலே பொதிகள் விழும்.

லினக்ஸ் 4.13க்கு முன் பிபிஆருக்கு எப்கியூ கட்டாயம். அதன்பின் டிசிபி தானே இடைவெளி விடப் பழகிவிட்டது. ஆனாலும் இணைப்புகள் அதிகமுள்ள சேவையகத்தில் எப்கியூவையே நாங்கள் விரும்புகிறோம். இயல்பு வரிசையை லினக்ஸ் கருவின் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் மாற்றினால் மட்டும் போதாது. ஏற்கெனவே ஓடும் அட்டையில் பழைய வரிசையே இருக்கும். மீளத் தொடக்குங்கள், அல்லது வரிசைகளை மாற்றும் 'டிசி' கட்டளையால் அந்த அட்டையிலேயே மாற்றிவிட்டு, அதன் புள்ளிவிவரத்தில் எப்கியூ என்ற பெயர் வருகிறதா என்று பாருங்கள். பிபிஆர் உங்கள் சேவையகம் அனுப்புவதற்கு மட்டுமே. ஊழியர்கள் டவுன்லோட் செய்வதை அது சீராக்காது. அதற்கு அலுவலக ரவுட்டரில் கேக் வேண்டும்.