தூரிகைப் பக்கம்: நிழல் ஏன் சேறாகிறது?

கேள்வி: டீக்கடை, பூக்கடை, பஸ் ஸ்டாண்டு என்று தெருக்காட்சிகளையே வாட்டர்கலரில் வரைகிறேன். வெயில் படும் இடம் நன்றாக வருகிறது. நிழல் மட்டும் அழுக்காகிவிடுகிறது. கறுப்பைக் குறைத்தும் பயனில்லை.
– வாசகி, கும்பகோணம்

பதில்: கறுப்பைக் குறைக்காதீர்கள், பேலட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் இருந்தால் தெருவின் எல்லா நிழலையும் போட்டுவிடலாம். தரையில் விழும் நிழலுக்கு நீலம் தூக்கலாக. கூரைக்கடியில் இருக்கும் இருட்டுக்குச் சியன்னா தூக்கலாக. இரண்டையும் ஒரே சாம்பலாகக் குழைத்துவிடாமல் தாளிலேயே கொஞ்சம் கலக்க விடுங்கள்.

ஆனால் சேறாவதற்குப் பெரும்பாலும் கைதான் காரணம். நிழலை வைக்கிறோம், வெளிறியதுபோல் தெரிகிறது, மறுபடி தடவுகிறோம். அரை ஈரத்தில் பிரஷ் பட்டால் அடி வண்ணம் கிளம்பி மேல் வண்ணத்தோடு கலக்கும். வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும் என்பதால், வேண்டியதைவிட ஒரு படி அடர்த்தியாகவே கலந்து, துண்டுத்தாளில் தடவி, காயவிட்டுப் பாருங்கள்.

பிறகு பலகையை லேசாகச் சாய்த்து வைத்து, 10 அல்லது 12ஆம் எண் உருண்டை பிரஷ்ஷை முழுக்க நனைத்து, கடையின் தார்ப்பாய் நிழல், சுவர் நிழல், தரை நிழல் மூன்றையும் நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் இழுங்கள். கீழ் விளிம்பில் வண்ணநீர் திரண்டு நிற்கும். அதைப் பிழிந்த பிரஷ்ஷால் ஒற்றி எடுக்காவிட்டால், காயும்போது மேலே ஏறி, காலிஃபிளவர் போலத் திட்டு விழும். அடி வாஷ் (முதலில் பூசிய நீர்த்த வண்ணம்) காய்ந்ததா என்று பார்க்க, புறங்கையை வைத்தால் போதும். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். கோடையில் வெளியே உட்கார்ந்து வரைந்தால் நிழலைப் பாதி போடும்போதே விளிம்பு காய்ந்துவிடும். காலை ஒளியில் வரைவது உத்தமம். நிழலும் அப்போதுதான் நீளம்.

கேள்வி: வெள்ளை வேட்டிக்கும் டீயின் ஆவிக்கும் வெள்ளை வண்ணம் பூசலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வேட்டிக்கு வேண்டாம். வெயில் படும் பக்கத்தைத் தாளாகவே விட்டு, மறுபக்கத்துக்கு நீர்த்த நீலச்சாம்பல் கொடுத்தால் தானே வெள்ளையாகத் தெரியும். ஆவிக்கு, பின்னணியின் பளபளப்பு அடங்கி ஈரம் மட்டும் இருக்கும்போது, பிழிந்த பிரஷ்ஷால் வண்ணத்தை உறிஞ்சி எடுங்கள். அந்தப் பின்னணியில் தாலோ நீலம் இருக்கக் கூடாது. அது தாளைப் பற்றிக்கொண்டால் விடாது. கண்ணாடி டம்ளரின் மினுக்குக்கு ஒரு பொட்டு வெள்ளை கோவாஷ் (அடிநிறத்தை மறைக்கும் நீர்வண்ணம்) வைப்பதைத் தவறு என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

கேள்வி: 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) காட்டன் தாள்தான். மழைக்காலத்துக்குப் பிறகு எடுத்தால் வானம் பூசும்போது புள்ளிபுள்ளியாக அடர்ந்து விழுகிறது.
– வாசகர், தாம்பரம்

பதில்: தாளின் பசைப்பூச்சு ஈரக்காற்றில் கெட்டுவிட்டது. வண்ணம் மேலே நிற்காமல் அங்கங்கே உள்ளே இறங்குகிறது. அதைச் சரிசெய்ய முயல்வதைவிட, பென்சில் பயிற்சிக்கோ பேஸ்டலுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். புதுத்தாளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் உறையில் மூடி, சுவரில் படாமல் வையுங்கள்.

கேள்வி: சந்தைக் காட்சி ஒன்றை ‘ஒரிஜினல்’ என்று விற்கிறார்கள். பிரின்ட் இல்லை என்று எப்படி அறிவது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சொரசொரப்பான தாளும் பென்சில் கையெழுத்தும் சான்றாகாது; பிரின்ட்டிலும் இரண்டும் உண்டு. 10 மடங்கு லென்ஸால் வெளிறிய வானப்பகுதியைப் பாருங்கள். நுண்ணிய நிறப்புள்ளிகள் சிதறியிருந்தால் இங்க்ஜெட். அசலில் அல்ட்ராமரைன் போன்ற வண்ணத்தின் துகள், தாளின் குழிகளில் தங்கியிருக்கும். கீழே ‘15/100’ என்று, அதாவது நூறு பிரதிகளில் பதினைந்தாவது என்று, எண் இருந்தால் கேள்வியே வேண்டாம், அது பிரின்ட். அசல்தான் என்றால் ஃபிரேம் போடும்போது அமிலமற்ற மவுண்ட் போர்டு (ஓவியத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி தரும் அட்டை) கேளுங்கள். ஃபிரேமின் கண்ணாடி ஓவியத்தின்மேல் ஒட்டினால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். மழை நனைக்கும் வெளிச்சுவரிலும், நேர்வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரிலும் மாட்ட வேண்டாம்.